நாளைக் காலை அதே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்

அரசு மருத்துவமனைச் செய்திகளை எழுத அனுப்பப்பட்டு, "எங்கிருந்து தொடங்க?" என்று கேட்டு வரும் தம்பி தங்கைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் வரும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். உங்கள் செய்தியைக் காலையில் டீக்கடையில் படித்துவிட்டு, அதே ஆஸ்பத்திரிக்குத் தன் தாயையோ குழந்தையையோ கூட்டிக்கொண்டு போக வேண்டியவர் அவர். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக அவரிடம் பணம் இல்லை. வீணாகப் பயமுறுத்தினால் வட்டிக்கு வாங்கிக்கொண்டு தனியாரிடம் ஓடுவார், இல்லாவிட்டால் வைத்தியமே வேண்டாமென்று வீட்டில் படுத்துவிடுவார். உண்மையை மறைத்தால் ஆபத்து இருக்கும் இடத்துக்கே தெரியாமல் போய்ச் சேருவார். எழுதும் ஒவ்வொரு வரியிலும் அவர் நினைவு இருக்கட்டும்.

1. டீன் அறைக்குப் போகும் முன் ஓ.பி. மண்டபத்தில் உட்காரப் பழகுங்கள். சீட்டு கொடுக்கும் ஜன்னல் திறப்பதற்கு முன்பே போய்விடுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார், எத்தனை மணிக்கு பஸ் ஏறினார், துணைக்கு வந்தவர் எத்தனை நாள் கூலியை விட்டார், டாக்டர் எவ்வளவு நேரம் பார்த்தார், எத்தனை நாளைக்கு மாத்திரை தந்தார்கள், ஸ்கேனுக்கு எந்தத் தேதி எழுதிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். வைத்தியம் இலவசம்தான். ஸ்ட்ரெச்சர் தள்ளக் கேட்கும் காசும், ஆட்டோவும், துணையிருப்பவரின் சாப்பாடும் இலவசம் இல்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்குவதற்காகவே மாதாமாதம் ஒரு நாள் கூலியை இழந்தவர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால்தான், 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' எதற்காக வந்தது என்பது விளங்கும். உங்கள் ஊரில் அது எந்தத் தெருவுக்கு வருகிறது, எந்தத் தெருவை விட்டுவிடுகிறது என்று தேடிப் போகவும் தோன்றும்.

2. எந்த ஆஸ்பத்திரி யார் பொறுப்பில் இருக்கிறது என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகத்தின் கீழ் வருபவை. மாவட்டத் தலைமை மருத்துவமனையும் தாலுகா மருத்துவமனைகளும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தைச் சேர்ந்தவை. ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும் பொது சுகாதாரத் துறையுடையவை. இ.எஸ்.ஐ. தொழிலாளர் நலத் துறையிடம் இருக்கிறது. தாலுகா மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் இல்லை என்ற கேள்வியைப் பொது சுகாதாரத் துறை இயக்குநரிடம் கொண்டுபோனால், "எங்களுடையது இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவர் சொல்வதும் சரி.

பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் அதற்கென்றே பயிற்சி பெற்ற அலுவலர்களும் இருப்பது தமிழ்நாட்டின் பெரிய பலம். 1939ஆம் ஆண்டின் சென்னை பொது சுகாதாரச் சட்டம் அவர்களுக்குக் கொடுத்த அதிகாரங்களை ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். குடிநீரில் குளோரின் இருக்கிறதா, கொசுப்புழு எங்கே வளர்கிறது, சந்தையில் வாந்திபேதி கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அவர்கள் வேலை. அது ஒழுங்காக நடக்கும் வரை யாரும் கவனிப்பதில்லை. நீங்கள் கவனியுங்கள்.

3. "ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை" என்று ஒருவர் சொன்னதும் எழுதிவிடாதீர்கள். அவர் சொல்வதை ஒதுக்கியும் விடாதீர்கள். எந்த மருந்து என்று சீட்டை வாங்கிப் பாருங்கள். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994இல் அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு தொடக்கத்திலிருந்து மாநிலம் முழுவதற்கும் மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. வந்த ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறினால்தான் கிடங்கிலிருந்து வெளியே விடுவார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் உண்டு. எவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்தார்கள், எவ்வளவு மிச்சம் என்பது அதில் இருக்கும். ராஜஸ்தானும் கேரளமும் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் ஊரில் இதைப் போல அமைத்துக்கொண்டன.

ஆக, ஒரு மருந்து ஜன்னலில் இல்லையென்றால் காரணம் பலவாக இருக்கலாம். அந்த மருந்து பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். டெண்டர் தாமதமாகிக் கிடங்கே காலியாக இருக்கலாம். கிடங்கில் இருந்தும் ஆஸ்பத்திரி நேரத்தோடு கேட்டு வாங்காமல் விட்டிருக்கலாம். தட்டுப்பாட்டுக்கு வெளியில் வாங்கிக்கொள்ள ஒதுக்கிய பணத்தைத் தொடாமலே வைத்திருக்கலாம். அல்லது மருந்து உள்ளே இருக்க, ஒரு டாக்டர் வெளிக்கடைக்குச் சீட்டு எழுதியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் வேறு, சரிசெய்யும் வழியும் வேறு. மருந்தாளுநரிடம் பத்து நிமிடம் பேசினால் பாதி தெளிந்துவிடும். நோயாளிக்கு வேண்டியது, அந்த மாத்திரை அடுத்த வாரம் கிடைக்குமா என்பதுதான். அந்தப் பதில் உங்கள் செய்தியில் இருக்க வேண்டும்.

தனியார் மருந்துகளும் உங்கள் எல்லைக்குள் வருபவையே. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் இருமல் சிரப் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால், தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரியில் 48.6 சதவீதம் இருந்தது. சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு அது. உங்கள் மாவட்டத்தில் எத்தனை மருந்து ஆலைகள் இருக்கின்றன, மருந்து ஆய்வாளர் எத்தனை பேர், ஒவ்வொரு ஆலைக்கும் கடைசியாக எப்போது போனார்கள்? யாரும் சாகாத நாளிலேயே இவற்றைக் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

4. எண்ணை எழுதும்போது அதன் கீழே என்ன எண் இருக்கிறது என்று கேளுங்கள். பேறுகால இறப்பு விகிதம் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குக் கணக்கிடப்படுவது. சிசு இறப்பு விகிதம் ஆயிரம் உயிருள்ள பிறப்புகளுக்கு. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் பேறுகால இறப்பு விகிதம் தமிழ்நாட்டில் 54, நாடு முழுவதும் 97. இதோடு நிறுத்தினால் பெருமைச் செய்தி. பக்கத்தில் கேரளத்தின் 19ஐ வைத்தால் செய்ய வேண்டிய வேலை தெரியும். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இத்தனை குழந்தைகள் சாவு என்று வருடாவருடம் ஒரு செய்தி வரும். சுற்றியுள்ள மூன்று மாவட்டத்துக் கடினமான பிரசவங்களும், கடைசி நேரத்தில் கைவிட்டுத் தனியார் அனுப்பிவைக்கும் எடை குறைந்த குழந்தைகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன. வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர், எந்த நிலையில் வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இறந்தவர்களை மட்டும் எண்ணினால், நல்ல ஆஸ்பத்திரி மோசமானதாகத் தெரியும். நாளைக்கு ஒரு கர்ப்பிணி அங்கே போக அஞ்சுவார்.

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36.0. எல்லோரும் தனியாரின் எண்ணைத்தான் எடுத்து எழுதினார்கள். அரசு மருத்துவமனையிலேயே மூன்றில் ஒருத்திக்கு மேல் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுக்கிறார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி. இரவில் காத்திருக்கத் தேவையான ஆள் இல்லையா, புகாருக்கு அஞ்சுகிறார்களா, முதல் சிசேரியனுக்குப் பின் எல்லாமே சிசேரியன்தான் என்ற பழக்கமா? இன்றுவரை இது முழுதாக எழுதப்படவில்லை. உங்களில் யாராவது எழுதுங்கள்.

ஓர் எண்ணை இரண்டு இடத்தில் வாங்கி ஒப்பிடும் பழக்கமும் வேண்டும். 2020இல் சென்னையில் கொரோனா இறப்பாக மாநில அரசு அறிவித்த எண்ணும் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்பதைச் செய்தியாளர்கள் எழுதினார்கள். குழு அமைக்கப்பட்டது. ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 இறப்புகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. அந்தச் செய்தியை எழுதியவர்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு பதிவேடுகளும் பொறுமையும்தான்.

5. "டாக்டர்களின் அலட்சியத்தால் பெண் சாவு, உறவினர்கள் மறியல்." இந்தச் செய்தி வாரம் தவறாமல் உங்கள் மேஜைக்கு வரும். உறவினரின் ஆத்திரத்தை மதியுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்னதாக எழுதுங்கள். அதோடு நேரத்தை வரிசைப்படுத்துங்கள். வலி எடுத்தது எப்போது, 108 வந்தது எப்போது, முதலில் போன இடம் எது, அங்கிருந்து எதற்காக மாற்றி அனுப்பினார்கள், ரெஃபரல் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் அன்றிரவு பணியில் இருந்தவர் யார், ரத்தம் இருந்ததா? இந்த வரிசையை எழுதி முடித்ததும் எந்த இடத்தில் மணிக்கணக்காக நேரம் போயிற்று என்பது தானாகத் தெரியும். பெரும்பாலும் அங்கே ஒரு காலிப் பணியிடமோ, ஓடாத வண்டியோ இருக்கும். சில வேளைகளில் உண்மையிலேயே அலட்சியம் இருக்கும். அப்போது தயங்காமல் எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தணிக்கை செய்யும் முறை 1990களிலிருந்து இருக்கிறது. மாவட்ட அளவில் கூடி, என்ன தவறியது என்று விசாரிப்பார்கள். அந்தக் கூட்டம் முடிந்த பிறகு என்ன மாறியது என்று கேட்கும் நிருபர் மிகக் குறைவு. மறியல் நடந்த நாளில் எழுதியதைவிட, ஒரு மாதம் கழித்து அதை எழுதுவது அடுத்த கர்ப்பிணிக்கு உதவும்.

6. நோயாளியின் பெயர், முகம், ஊர், நோய் ஆகியவை அவருடைய சொத்து. எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாதென்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 18 வயதுக்குட்பட்ட பெண் கர்ப்பிணியாக வந்தால், அடையாளம் தெரியும்படி ஒரு சொல்கூட எழுதப் போக்சோ சட்டம் இடம் தராது. பெயரை மாற்றிவிட்டு, தெருவையும் கணவரின் தொழிலையும் எத்தனையாவது பிள்ளை என்பதையும் எழுதினால், ஊர்க்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

2018 கடைசியில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றிய ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்த வங்கியின் பரிசோதனை எங்கே தவறியது என்பது மாநிலமே கேட்க வேண்டிய கேள்வி. கேட்கவும் பட்டது. அந்த நாட்களில் அந்தப் பெண்ணின் வீட்டு வாசல் வரை கேமரா போனதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. ரத்தம் கொடுத்த இளைஞர், தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் தானாகவே வந்து சொன்னவர், உயிரை மாய்த்துக்கொண்டார். வருடங்கள் போனாலும் இது என்னை விட்டுப் போகவில்லை. ரத்த வங்கியைப் பற்றி எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதலாம். அதற்கு அந்த இருவரில் ஒருவரின் அடையாளமும் தேவைப்படவில்லை.

வார்டில் படுத்திருப்பவரைப் படம் எடுக்க டீன் கொடுக்கும் அனுமதி போதாது. படுத்திருப்பவரைக் கேளுங்கள். மயக்கத்தில் இருந்தால் எடுக்காதீர்கள்.

7. மழைக்காலத்தில் "மர்மக் காய்ச்சலுக்குச் சிறுமி பலி" என்று தலைப்பு வைக்க டெஸ்க் ஆசைப்படும். என்னென்ன பரிசோதனை செய்தார்கள் என்று கேளுங்கள். டெங்குவுக்கு என்.எஸ்.1, எலைசா பார்த்தார்களா? எலிக்காய்ச்சல்? உண்ணிக் காய்ச்சல்? கடைசியில் சொன்னதற்கு விலை மலிவான மாத்திரை இருக்கிறது, நேரத்தோடு கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள். அந்தக் காய்ச்சலின் அடையாளமாக உடம்பில் கருகிய சிறு புண் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லும் ஒரு வரியை உங்கள் செய்தியில் சேர்த்தால், படிக்கும் ஒரு தாய் அதைத் தேடிப் பார்ப்பாள்.

8. தடுப்பூசி பற்றி எழுதும் நாளில் மெதுவாக எழுதுங்கள். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பின் 4 குழந்தைகள் இறந்தார்கள். பெரும் துயரம் அது. கேள்வி கேட்டே ஆக வேண்டிய துயரம். அதன் பிறகு ஊருக்குள் வந்து போட்டுக்கொண்டிருந்த ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாறியது. தூரமும் கூடியது, பயமும் கூடியது. எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் தேசிய குடும்பநல ஆய்வின் மூன்றாம் சுற்றில் 80.9 சதவீதமாக இருந்தார்கள். நான்காம் சுற்றில் 69.7 ஆனார்கள். இது முழுவதும் ஒரே காரணத்தால் வந்ததென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வாரம் முழுக்க எழுதிய நாம், ஊசி போடாமல் விடுபட்ட குழந்தைகளைப் பற்றி அடுத்த சில வருடங்களில் எவ்வளவு எழுதினோம் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் சுற்றில் 89.2க்கு ஏறியதையும் பெரிதாக யாரும் எழுதவில்லை.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் வந்தபோது வாட்ஸ்அப் வதந்தி பள்ளிக்கூட வாசலிலேயே பெற்றோரை நிறுத்தியது. அப்படிப்பட்ட நேரத்தில் வதந்தியைத் தலைப்பில் போட்டு, கீழே மறுப்பு எழுதாதீர்கள். தலைப்பைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறவர்கள் அதிகம். ஊசி போட்டபின் வழக்கமாக என்ன ஆகும், என்ன ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அரை மணி நேரம் ஏன் உட்காரச் சொல்கிறார்கள் என்று நேராக எழுதுங்கள்.

9. உங்களுக்கு உண்மையைச் சொல்லப்போகிறவர்கள் கிராம சுகாதார செவிலியர், ஒப்பந்த நர்ஸ், லேப் டெக்னீஷியன், பிணவறை ஊழியர், 108 ஓட்டுநர். ஊரில் "நர்ஸம்மா" என்று கூப்பிடும் அந்தச் செவிலியருக்கு எந்த வீட்டில் யார் கர்ப்பிணி, யாருடைய பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) இன்னும் பதியவில்லை, யாருக்கு மகப்பேறு நிதியுதவித் தவணை வரவில்லை என்பதெல்லாம் தெரியும். 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவர்கள் பத்திரிகையிடம் பேசுவதைக் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் ஒரு வரியால் ஓர் இடமாறுதல் வரலாம், ஒப்பந்தம் முடிந்து போகலாம். அவர் காட்டிய காகிதத்தில் உள்ளதை வேறு வழியில் உறுதிசெய்த பிறகே எழுதுங்கள். அவர் மட்டுமே அறிந்திருக்கக்கூடிய விவரத்தை அச்சில் போடாதீர்கள்.

10. சர்க்கரை நோயை அடியோடு போக்குவதாக உங்கள் பத்திரிகையிலேயே விளம்பரம் வந்தால், 1954ஆம் ஆண்டின் மாயத் தீர்வுகள் சட்டத்தை விளம்பரப் பிரிவுக்கு எடுத்துக் காட்டுங்கள். கேட்காமல் போகலாம். இருந்தாலும் காட்டுங்கள்.

11. காசநோய் வார்டுக்குள் என்-95 முகக்கவசம் இல்லாமல் போகாதீர்கள். டியூட்டி டாக்டர் ஒரு நோயாளியின் மேல் குனிந்திருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். முப்பத்தாறு மணி நேரமாகத் தூங்காத பயிற்சி மருத்துவர் எரிந்து விழுந்தால் அதைச் செய்தியாக்காதீர்கள். அவரை முப்பத்தாறு மணி நேரம் நிற்க வைத்தது யார் என்பதைச் செய்தியாக்குங்கள்.

12. நன்றாக நடப்பதையும் ஆதாரத்தோடு எழுதுங்கள். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு ஓய்வாகப் படுத்திருந்தவர்களுக்கும், நெரிசலான வீட்டில் இருந்தபடியே மாத்திரை எடுத்துக்கொண்ட ஏழைகளுக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது என்று 1959இல் காட்டியது. உலகமே காசநோய் வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. இந்த ஊரின் எளிய வீடுகளில் நடந்த ஆராய்ச்சி அது. 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' அதே வழியில் வந்தது. நோய் உறுதியானதும் உயரம்-எடை, மூச்சு வேகம், ரத்த ஆக்சிஜன், கால் வீக்கம், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்ற ஐந்தை மட்டும் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். ஐந்தும் ஒரு செவிலியர் சில நிமிடங்களில் பார்த்துவிடக் கூடியவை. இதை எழுதினால் துதிபாடி என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். படித்த ஒருவர், நிற்க முடியாமல் தள்ளாடும் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய், "இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று உரிமையோடு கேட்பார்.

13. கொள்கை விளக்கக் குறிப்பை மானியக் கோரிக்கை நாளில் புரட்டிவிட்டு மூலையில் போடாதீர்கள். போன வருடத்துக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சத்தமில்லாமல் காணாமல் போன திட்டம், மாறாமல் நிற்கும் காலிப் பணியிட எண்ணிக்கை, இரண்டு வருடமாக "விரைவில்" என்றே இருக்கும் கட்டடம் எல்லாம் கண்ணில் படும். தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையில் மருத்துவமனைகள் பற்றிய பகுதியை முழுதாகப் படியுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டு, முப்பதாவது நாளைக் குறித்து வையுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், சலிக்காமல்.

புதிய பிரசவ வார்டு திறப்பு விழாவுக்கு எல்லாப் பத்திரிகையும் போகும். நீங்களும் போங்கள். ஆறு மாதம் கழித்து ஓர் இரவில் மறுபடி போய், அங்கே பணியில் செவிலியர் இருக்கிறாரா, ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, சிசேரியன் தேவைப்பட்டால் மயக்க மருந்து டாக்டர் எங்கிருந்து எவ்வளவு நேரத்தில் வருவார் என்று பாருங்கள். அந்தத் தேதியைத் திறப்பு விழா அன்றே டைரியில் எழுதிவிடுங்கள். அன்றைக்கு வேறு வேலை தராமல் இருக்கும்படி செய்தி ஆசிரியரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.